ஏரியிலும் கப்பல் கவிழும்!

'ஏரி' என்று சொன்னவுடனே நம்முடைய மனக்கண் முன் தோன்றும் காட்சி எது? ஊருக்கு மேற்கே ஒரு மண் கரை. கரையின் மேல் வரிசையாகப் பனை மரங்கள். ஒரு கோடியில் கலிங்கல். மதகு வழியாக வயலுக்குப் பாய்கின்ற தண்ணீர். கோடைக் காலத்தில் ஏரிக்கு உள்ளேயே மாடு மேய்வதும் உண்டு. எழுநூறு அடிக்கு மேல் நீளமுள்ள இரும்புக் கப்பல் ஒன்று, அதிலிருந்த அத்தனை பேருடனும், உதவி கேட்டு ஒரு குரல் கொடுக்கவும் அவகாசமின்றி, ஏரித் தண்ணீரில் மறைந்து போயிற்று என்று யாரேனும் வந்து சொன்னால் அவரை நாம் ஏற இறங்கத்தான் பார்ப்போம். ஆயினும் அது மெய்யாக நடந்த விஷயம். 1975-ம் வருஷம் நவம்பர் மாதம் 10-ந் தேதி இரவு, வட அமெரிக்காவிலுள்ள சுபீரியர் ஏரியில் அது நிகழ்ந்தது. அதற்கு முன்பும் அந்நாட்டு ஏரிகளில் ஆயிரக் கணக்கான கப்பல்கள் அவ்விதமே அழிந்திருக்கின்றன. அந்தத் துயரக் கதையையும், அதிலிருந்து மனிதர்கள் கற்றுக் கொண்ட பாடங்களையுந்தான் இவ்வாரம் நேயர்களுக்குச் சொல்ல எண்ணுகிறோம்.

நன்னீர்ச் சமுத்திரம்

அமெரிக்க ஐக்கிய நாட்டுக்கும் கனடாவுக்கும் இடையே சுபீரியர், மிச்சிகன், ஹூரன், ஈரி, ஒன்டாரியோ என்ற ஐந்து ஏரிகள் ஒன்றோடொன்று தொடர்ந்து கிடக்கின்றன. ஐந்தும் சேர்ந்து 94,000 சதுர மைலுக்கு மேல் பரந்தவை. பூமியின் மேற்பரப்பில் உள்ள நன்னீரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இங்கேதான் தேங்கியிருக்கிறது. இவற்றில் தலையாயதாகிய சுபீரியர் ஏரி 350 மைல் நீளமும் 160 மைல் அகலமும் உடையது. அதன் மிக ஆழமான இடம் 1,333 அடி. இலங்கைத் தீவை அப்படியே தூக்கி அதற்குள் வைத்தாலும் இன்னும் இடம் மிஞ்சும். நடு ஏரியில் நின்றால் எந்தத் திசையிலும் கரை தெரியாது. கண்ணுக்கு எல்லாம் சமுத்திரமாகவே இருக்கும். கையில் அள்ளிக் குடித்தால் மட்டுமே தித்திக்கும்.

இந்த ஏரிகளில் கப்பல் ஏன் ஓட வேண்டும் என்றால், அந்நாட்டுத் தொழில் முழுவதற்கும் இவைதாம் ராஜபாட்டை. சுபீரியரின் மேற்கே மின்னஸோட்டா ராஜ்யத்தில் இரும்புத் தாது மலை மலையாகக் கிடைக்கிறது. உருக்குத் தொழிற்சாலைகளோ தெற்கேயும் கிழக்கேயும் இருக்கின்றன. சுபீரியரின் நீர்மட்டம் ஹூரனுடையதைக் காட்டிலும் சுமார் 21 அடி உயரம், இடையிலே நீர்ச்சரிவு. 1855-ம் வருஷத்தில் அங்கே கால்வாய் வெட்டிக் கதவிட்ட பெரிய நீர்த்தொட்டிகளை அமைத்துக் கப்பல்களை ஏற்றி இறக்க வழி செய்தார்கள். அது முதல் தாதுவும் கோதுமையும் நிலக்கரியும் சுண்ணாம்புக் கல்லும் லக்ஷக் கணக்கான டன்களாக இந்த நீர்வழியே போகத் தொடங்கின. நீர்த்தொட்டியின் அகலத்துக்கு அடங்க வேண்டும், ஆனால் சரக்கும் நிறைய ஏற்ற வேண்டும் என்பதனால், ஏரிக் கப்பல்களை ஒடுக்கமாகவும் மிக நீளமாகவும் கட்டினார்கள். இந்த நீளமே பின்னால் அவற்றுக்குச் சத்துருவாயிற்று.

நவம்பர் சூனியக்காரி

ஏரி மாலுமிகளுக்கு நவம்பர் என்ற பெயரைக் கேட்டாலே ஒரு கலக்கம். அந்த மாதத்துப் புயலை அவர்கள் 'நவம்பர் சூனியக்காரி' என்று அழைப்பார்கள். இதில் சூனியம் ஒன்றுமில்லை, இயற்கை நியதிதான். கோடை முழுவதும் வெயிலை வாங்கிக் கொண்ட ஏரி ஜலம் அவ்வளவு விரைவில் குளிர்ந்து விடுவதில்லை. நவம்பரிலும் அதில் உஷ்ணம் தங்கியிருக்கிறது. அதே சமயத்தில் வடதுருவப் பக்கத்திலிருந்து கடுங்குளிர்க் காற்று கனடாவின் சமவெளி வழியே இறங்கி வருகிறது. தெற்கேயிருந்து ஈரமும் வெப்பமும் நிறைந்த காற்று ஏறி வருகிறது. இரண்டும் ஏரிகளின் மீது சந்திக்கின்றன. எரிகிற அடுப்பில் எண்ணெய் வார்த்தாற்போல, ஏரியின் உஷ்ணமும் ஈரமும் அந்தப் புயலை மேலும் வளர்த்து விடுகின்றன.

சமுத்திரத்துப் புயலைக் காட்டிலும் ஏரிப் புயல் ஒரு விதத்தில் கொடியது என்பார்கள் அனுபவசாலிகள். சமுத்திரத்தில் அலைகள் நீண்டு நிதானமாக வரும். கப்பல் அவற்றின் மீது ஏறி இறங்கிச் செல்லும். ஏரியிலோ அலைகள் செங்குத்தாய், ஒன்றன் பின் ஒன்றாய், மூச்சு விடுவதற்குள் அடுத்தது என்று வந்து மோதும். நீண்ட கப்பலின் முன்பாகம் ஓர் அலையிலும் பின்பாகம் மற்றோர் அலையிலும் மாட்டிக் கொண்டால், நடுப்பாகம் ஆதாரமின்றித் தொங்கும். அடுத்த நிமிஷமே நடுப்பாகம் அலையின் முதுகில் ஏற, இரண்டு முனைகளும் தொங்கும். ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்துக் கொண்டேயிருந்தால் என்ன ஆகும் என்பது குழந்தைகளுக்கும் தெரியும். சமுத்திரத்தில் புயலுக்கு முன்னால் நாட்கணக்கில் ஓடித் தப்பலாம். ஏரியில் சில மணி நேரத்திற்குள் ஏதாவது ஒரு பாறைக் கரை எதிரே வந்து நிற்கும். அதோடு, மேல்தளத்தில் தெறிக்கும் நன்னீர் விழுந்த இடத்திலேயே உறைந்து, பனிக்கட்டிப் பாரமாகக் கப்பலை அழுத்தும்.

ஈரி ஏரியின் சேஷ்டை இன்னும் விசித்திரமானது. ஐந்தில் ஆழம் குறைந்தது அது. சராசரி ஆழம் 62 அடிதான். தென்மேற்கிலிருந்து வடகிழக்காக நீண்டு கிடப்பதால், அந்தத் திசையில் பெருங்காற்று வீசும்போது, தாம்பாளத்தைச் சாய்த்தாற்போல் தண்ணீர் முழுவதும் பஃபலோ நகரத்துப் பக்கம் ஒதுங்கி விடும். ஒரு கோடிக்கும் மறு கோடிக்கும் நீர்மட்டத்தில் பத்தடிக்கு மேல் வித்தியாசம் ஏற்பட்டதுண்டு. காற்று அடங்கியதும் அத்தனை நீரும் திரும்பிப் பாயும்.

முதற் பலி

பிரெஞ்சு நாட்டு யாத்திரிகரான லா ஸால் என்பவர் 1679-ம் வருஷத்தில் நயாகராவுக்கு மேலே 'கிரிஃபன்' என்ற பாய்க்கப்பலைக் கட்டி ஓட்டினார். மேல் ஏரிகளில் ஓடிய முதல் பெரிய பாய்க்கப்பல் அதுவே. அவ்வருஷம் செப்டம்பரில் மிருகத் தோல்களை அதில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிட்டு, அவர் மட்டும் பின்தங்கினார். போன கப்பல் போனதுதான், திரும்பி வரவேயில்லை. அன்று தொடங்கிய கணக்கு வளர்ந்து வளர்ந்து, ஆறாயிரம் கப்பல்கள், முப்பதினாயிரம் உயிர்கள் என்று மதிப்பிடும் அளவுக்குப் போயிற்று.

1868, 1869 என்ற இரண்டு வருஷங்களில் மட்டும் ஐந்நூறு பேருக்கு மேல் இந்த ஏரிகளில் மாண்டார்கள். மில்வாக்கி நகரத்தில் வசித்த இன்க்ரீஸ் லாபம் என்ற விஞ்ஞானி, இந்தச் சாவுகளைப் பற்றிய செய்திகளைத் திரட்டித் தம் ராஜ்யத்துப் பிரதிநிதியிடம் அனுப்பினார். "புயல் மேற்கிலிருந்து கிழக்கே நகருகிறது, தந்தியோ புயலைக் காட்டிலும் வேகமாக ஓடுகிறது. அப்படியிருக்க, முன்கூட்டியே ஏன் எச்சரிக்கை செய்யக் கூடாது?" என்பதே அவருடைய வாதத்தின் சாரம். 1870-ம் வருஷம் பிப்ரவரியில் அதற்கான தீர்மானத்தில் ஜனாதிபதி கிராண்ட் கையெழுத்திட்டார். அவ்வருஷம் நவம்பர் 8-ந் தேதி ஏரிக் கப்பல்களுக்கு முதற் புயல் எச்சரிக்கை வெளியாயிற்று. அதை வெளியிட்டவர் லாபமே. இன்று அமெரிக்கா முழுவதற்கும் வானிலை சொல்லும் சர்க்கார் இலாகா, ஏரியில் மாண்டவர்களின் கணக்கிலிருந்துதான் பிறந்தது என்று சொல்லலாம்.

ஆனால், எச்சரிக்கை செய்வது ஒன்று. அதைக் கேட்டு நடப்பது வேறொன்று. குளிர் காலத்தில் ஏரித் துறைமுகங்கள் உறைந்து விடும். அதற்கு முன்னால் இன்னும் ஒரு நடை, இன்னும் ஒரே ஒரு நடை சரக்கு ஏற்றிப் போய்விட்டால் கப்பற் சொந்தக்காரர்களுக்கு லாபம். துறைமுகத்தில் தயங்கி நிற்கும் காப்டனுக்கு நல்ல பெயர் கிடைக்காது. எத்தனையோ கப்பல்களை அந்த 'ஒரே ஒரு நடை' கொண்டு போய்விட்டது.

கரையிலிருந்து பார்த்த பதினாயிரம் பேர்

1905-ம் வருஷம் நவம்பர் 28-ந் தேதி, டுலூத் துறைமுகத்தில் நடந்தது கல்லையும் உருக்கும். 'மட்டாஃபா' என்ற தாதுக் கப்பல் புயலுக்குத் தாங்காமல் துறைமுகத்துக்குத் திரும்பியது. நுழைவாயிலில் அலை அதைத் தூக்கிக் கல்லணை மீது மோதிற்று. கரைக்குச் சில நூறு அடி தூரத்திலேயே தரை தட்டி இரண்டாக முறிந்தது. ஊர் ஜனங்கள் ஆயிரக் கணக்கில், பதினாயிரம் பேர் என்று சொல்லும்படி, கரையிலே கூடி விட்டார்கள். கப்பலுக்குக் கயிறு எறிந்து பார்த்தார்கள், பயனில்லை. உயிர்காக்கும் படகு அந்த அலையில் இறங்க முடியவில்லை. இரவு முழுவதும் கரையில் நெருப்பு மூட்டிக் கொண்டு ஜனங்கள் காத்திருந்தார்கள். முன்பாகத்தில் இருந்தவர்கள் தூங்காமல் நடந்து நடந்தே உயிரைப் பிடித்துக் கொண்டார்கள். காலையில் படகு சென்றபோது 15 பேர் பிழைத்திருந்தனர். பின்பாகத்தில் இருந்த 9 பேர் குளிரில் விறைத்து மாண்டிருந்தனர். கூப்பிடு தூரத்தில் ஒரு நகரமே நின்றும் அவர்களுக்கு ஒன்றும் செய்ய இயலவில்லை. அந்தப் புயலில் ஏறக்குறைய முப்பது கப்பல்கள் அழிந்தோ சேதமுற்றோ போயின. அதன் பயனாகவே ஸ்ப்ளிட் ராக் என்ற செங்குத்தான பாறையின் மேல் 1910-ல் ஒரு கலங்கரை விளக்கம் எழுந்தது. 1969-ல் அதன் பணி முடிந்தது. ஆயினும் கட்டடத்தைப் போற்றி வைத்திருக்கிறார்கள்.

1913: வெள்ளைச் சூறாவளி

இவை எல்லாவற்றையும் சிறு விஷயமாக்கி விட்டது 1913-ம் வருஷத்துப் புயல். பனிமழையோடு கூடி வந்தபடியால் அதை 'வெள்ளைச் சூறாவளி' என்கிறார்கள். நவம்பர் 7-ந் தேதி வெள்ளிக்கிழமை துறைமுகங்களில் புயல் கொடி ஏறியது. மறுநாள் கொஞ்சம் அடங்கினாற்போல் தோன்றியது. "இனிப் பயமில்லை" என்று பலர் நங்கூரத்தை எடுத்தார்கள். பெரும்பாலான சரக்குக் கப்பல்களில் அப்போது கம்பியில்லாத் தந்தி கிடையாது; ஏரிக்குள் போன பிறகு அவர்களைக் கூப்பிட்டு நிறுத்த வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை, தெற்கேயிருந்து வந்த மற்றொரு புயல் முதற் புயலோடு சேர்ந்து கொண்டது. காற்று மணிக்கு 90 மைல் வரை வீசிற்று. அலைகள் 35 அடி உயரம் எழுந்தன. காற்று ஒரு திசையிலும் அலை மற்றொரு திசையிலுமாகக் கப்பல்களைப் பிய்த்தெறிந்தன.

ஹூரன் ஏரியில் மட்டும் எட்டுப் பெரிய கப்பல்கள், அவற்றிலிருந்த ஒருவரும் பிழைக்காமல், அடியோடு மறைந்தன. அவற்றுள் ஒன்றான 'ஜேம்ஸ் காருதர்ஸ்' அந்த வருஷந்தான் வெள்ளோட்டம் விட்ட புதுக் கப்பல். திங்கட்கிழமை காலையில் ஏரியின் தென்கோடியில் ஒரு பெரிய கப்பல் தலைகீழாய் மிதந்து கொண்டிருந்தது. அது எந்தக் கப்பல் என்று ஒருவருக்கும் புலப்படவில்லை. சில நாள் கழித்து முக்குளிப்பவர் ஒருவர் நீருக்குள் இறங்கி, எழுத்தைத் தடவிப் பார்த்து, 'சார்ல்ஸ் எஸ். பிரைஸ்' என்று படித்து வந்து சொன்னார். அத்தனை நாளும் எத்தனை வீடுகளில் பெண்கள் "நம்முடையதாக இருக்கக் கூடாதே!" என்று பிரார்த்தித்திருப்பார்கள்! புறப்படுவதற்கு முன்னால் மனசு சரியில்லை என்று அக்கப்பலை விட்டு இறங்கிவிட்ட உதவி இஞ்சினீயர் ஒருவர், கரையில் ஒதுங்கிய தம் தோழர்களின் உடல்களை அடையாளம் காட்ட வரவேண்டியதாயிற்று.

அதே புயலில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. சுபீரியர் ஏரியில் 'எல். ஸி. வால்டோ' என்ற கப்பல் பாறையில் மோதி நின்று விட்டது. இரண்டு பெண்கள் உட்பட அதிலிருந்தவர்கள் முன்பாகத்தில் ஒண்டிக் கொண்டு, குளியல் தொட்டியையே அடுப்பாக்கி, உடைந்த மரச் சாமான்களை எரித்துக் குளிர் காய்ந்தார்கள். உணவில்லாமல் மூன்று நாளுக்கு மேல் அவ்விதம் கழிந்தது. உயிர்காக்கும் படையைச் சேர்ந்த இரண்டு கோஷ்டியார், படகெல்லாம் பனிக்கட்டி மூடிய நிலையில் போய், அத்தனை பேரையும் மீட்டுக் கொண்டு வந்தார்கள். சர்க்கார் அவர்களுக்குத் தங்கப் பதக்கம் அளித்தது. மொத்தத்தில் அந்தப் புயல் பன்னிரண்டு கப்பல்களையும் 250-க்கு மேற்பட்ட உயிர்களையும் கொண்டு போயிற்று.

பிறகும் நவம்பர் வந்து கொண்டேயிருந்தது. 1940-ம் வருஷம் 11-ந் தேதி மிச்சிகன் ஏரியில் இரண்டு கப்பல்கள் ஆட்கள் முழுவதுடனும் மூழ்கின. அப்போது தரை தட்டி உடைந்த 'நோவடாக்' என்ற மூன்றாவது கப்பலிலிருந்து 17 பேரை மீட்டவர்கள், சிறிய மீன்பிடிப் படகில் போன மூன்றே மீனவர்கள். 1958-ல் 'கார்ல் டி. பிராட்லி' அதே ஏரியில் இரண்டாக ஒடிந்தது. 35 பேரில் இருவரே பிழைத்தனர். ராஜர்ஸ் நகரம் என்ற சிற்றூரிலிருந்து மட்டும் இருபது பேருக்கு மேல் மாண்டபடியால் தெருவுக்குத் தெரு அழுகுரல் கேட்டது. 1966-ல் ஹூரன் ஏரியில் 'டானியல் ஜே. மாரல்' முறிந்தபோது, பின்பாகம் யந்திரம் ஓடியபடியே தனியாக ஐந்து மைல் சென்றதாம்! 29 பேரில் ஒருவர் மட்டும், தெப்பத்தில் 38 மணி நேரம் கிடந்து தப்பினார்.

'எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட்'

தொடக்கத்தில் சொன்ன கப்பலுக்கு இப்போது வருவோம். அதன் பெயர் 'எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட்'. நீளம் 729 அடி. 1958-ல் நீரில் இறங்கியபோது ஏரிகளில் அதைவிடப் பெரிய கப்பல் இல்லை. 1975 நவம்பர் 9-ந் தேதி பிற்பகல், 26,000 டன்னுக்கு மேல் இரும்புத் தாது உருண்டைகளை ஏற்றிக் கொண்டு சுபீரியரின் மேற்குக் கோடியிலிருந்து டிட்ராயிட்டை நோக்கிப் புறப்பட்டது. காப்டன் எர்னஸ்ட் மக்ஸார்லி நாற்பது வருஷத்துக்கு மேல் நீரிலே பழகியவர். பின்னால் 'ஆர்தர் எம். ஆண்டர்ஸன்' என்ற கப்பல் வந்தது. புயல் எச்சரிக்கை வந்ததும் இரண்டு காப்டன்களும் கலந்து பேசி, கனடாக் கரையை ஒட்டிய வடக்கு மார்க்கமாகச் சென்றார்கள்.

மறுநாள் பிற்பகல் மக்ஸார்லி ரேடியோவில் பேசினார்: கப்பல் ஒரு பக்கம் சாய்கிறது, காற்றுக் குழாய்கள் இரண்டு போய்விட்டன, பம்புகள் ஓடிக் கொண்டிருக்கின்றன. சற்று நேரத்தில் ராடார் கருவிகளும் கெட்டன. கரையிலே ஒயிட்ஃபிஷ் முனையிலிருந்த விளக்கும் ரேடியோச் சமிக்ஞையும் அன்று புயலில் அணைந்து போயிருந்தன. குருடனுக்குக் கோல் பிடித்தாற்போல் ஆண்டர்ஸன்தான் வழி சொல்லி வந்தது. இரவு 7-10-க்கு, "எப்படி இருக்கிறீர்கள்?" என்ற விசாரணைக்குச் "சமாளித்துக் கொண்டிருக்கிறோம்" என்ற கருத்துப்பட பதில் வந்தது. சில நிமிஷங்களில் ஆண்டர்ஸனின் ராடாரிலிருந்து அந்தப் புள்ளி மறைந்தது. அபயக் குரல் ஒன்றும் எழவில்லை. அடைக்கலமான ஒயிட்ஃபிஷ் விரிகுடா இன்னும் பதினேழு மைல் தூரந்தான்.

ஆண்டர்ஸன் அந்த விரிகுடாவுக்குள் புகுந்து தப்பி விட்டது. அப்போதுதான் கடற்காவற் படையிலிருந்து, "திரும்பிப் போய்த் தேட முடியுமா?" என்று கேட்டார்கள். தாம் தப்பி வந்த அதே அலைகளுக்குள் மீண்டும் கப்பலைத் திருப்புவதா என்பது காப்டன் கூப்பரின் முன்னே நின்ற கேள்வி. தம்முடைய ஆட்களின் உயிரும் அவர் கையில் அல்லவா இருந்தது? அவர் திரும்பிச் சென்றார். 'வில்லியம் களே ஃபோர்டு' என்ற மற்றொரு கப்பலும் சென்றது. வெறும் படகும் தெப்பமுமே அகப்பட்டன. 29 பேரில் ஒருவர் உடல்கூடக் கிடைக்கவில்லை. சுபீரியரின் ஆழத்து ஜலம் அவ்வளவு குளிர்ச்சி. அந்தக் குளிரில் உடல் அழுகாது. அழுகாத உடல் மேலே மிதந்து வருவதில்லை.

யார் பொறுப்பு?

கப்பல் 530 அடி ஆழத்தில் இரண்டு துண்டுகளாகக் கிடக்கிறது. சரக்கு வாய்களின் மூடிகள் வழியே நீர் புகுந்தது என்று விசாரணை செய்த சர்க்கார் அதிகாரிகள் கூறினார்கள். நீருக்கடியிலுள்ள திட்டில் அடிப்பாகம் உரசியது என்று கப்பற் சொந்தக்காரர் சங்கம் கூறிற்று. முடிவான தீர்ப்பு இன்றளவும் இல்லை. ஆனால் ஒன்று நிச்சயம். 1969 முதல் 1973 வரை மூன்று முறை விதிகளைத் தளர்த்தி, அந்தக் கப்பல் முன்னிலும் மூன்றடிக்கு மேல் ஆழமாக நீரில் அமிழும்படி பாரம் ஏற்ற அனுமதித்திருந்தார்கள். அதிகச் சரக்கு, அதிக லாபம். ஆனால் அலைக்கும் மேல்தளத்துக்கும் இடையே இருந்த தூரம் அவ்வளவுக்குக் குறைந்தது. நீரின் ஆழம் காட்டும் கருவியும் அதில் இல்லை.

விபத்துக்குப் பிறகுதான் ஆழமானி கட்டாயமாயிற்று. குளிர்நீரில் உயிரைக் காக்கும் உடுப்புகள் ஒவ்வொரு மாலுமிக்கும் கிடைத்தன. நவம்பருக்கு முன் மூடிகளைப் பரிசோதிக்கும் வழக்கமும் வந்தது. வானிலை முன்னறிவிப்பு எவ்வளவோ தேறியிருக்கிறது. காப்டன்களும் இப்போது துறைமுகத்தில் காத்திருக்கத் தயங்குவதில்லை. 1975-க்குப் பிறகு அந்த ஏரிகளில் அத்தகைய பெரிய சரக்குக் கப்பல் எதுவும் புயலில் மூழ்கியதில்லை. இந்தப் பரிகாரங்களில் எதற்கும் பெரிய மேதாவிலாசம் தேவைப்படவில்லை. 29 பேர் இறப்பதற்கு முன்னாலேயே அவற்றைச் செய்திருக்க முடியும் என்று எண்ணும்போதுதான் நெஞ்சு பதைக்கிறது.

மாண்டவர்களின் உறவினர்கள் விரும்பியபடி, 1995-ம் வருஷம் ஜூலை 4-ந் தேதி அந்தக் கப்பலின் வெண்கல மணியை மேலே கொண்டு வந்தார்கள். அதற்குப் பதிலாக 29 பெயர்களையும் பொறித்த வேறொரு மணியைக் கீழே வைத்தார்கள். மூல மணி ஒயிட்ஃபிஷ் முனையிலுள்ள காட்சிசாலையில் இருக்கிறது. வருஷந்தோறும் நவம்பர் 10-ந் தேதி அங்கே கூடி, ஒவ்வொரு பெயராகச் சொல்லி 29 முறை மணி அடிக்கிறார்கள். அதன் பிறகு முப்பதாவது முறையாக ஒரு மணி ஒலிக்கிறது. அது கிரிஃபன் முதல் இன்று வரை அந்த ஏரிகளில் போய்த் திரும்பி வராத அத்தனை பேருக்குமாக அடிப்பது.